லத்தீனோ நேயர்களும் விளம்பர உலகமும்

ஐக்கிய அமெரிக்காவில் 2020-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட ஜனத்தொகைக் கணக்கின்படி, 'ஹிஸ்பானிக்' அல்லது 'லத்தீனோ' என்னும் வகுப்பில் அடங்குவோர் 6 கோடியே 21 லட்சம் பேர். அந்நாட்டு மக்களில் ஐந்து பேருக்கு ஒருவர் என்று சொன்னால் பெரும்பாலும் பொருந்தும். இவர்கள் யார்? பத்தில் ஆறு பேர் மெக்ஸிகோ வழியினர். அடுத்த நிலையில் உள்ளவர்கள் ப்யூர்ட்டோ ரிக்கோ தீவினர். இவர்கள் 1917-ஆம் ஆண்டு முதலே அமெரிக்கப் பிரஜைகள் ஆதலால், குடியேறியவர்கள் என்று அவர்களை அழைப்பதே பிழை. க்யூபாவிலிருந்து வந்தவர் உண்டு. டொமினிக்கன் குடியரசு, எல் ஸால்வடார், கொலம்பியா என்று நீளும் பட்டியல் இருபது நாடுகளை எட்டும். இவர்களன்றி, கலிபோர்னியாவிலும் நியூ மெக்ஸிகோவிலும் சில குடும்பங்கள் 1848-இல் மெக்ஸிகோ யுத்தம் முடிவதற்கு முன்பிருந்தே வாழ்ந்து வருகின்றன. அவர்கள் எல்லையைக் கடந்து வரவில்லை. எல்லைக் கோடுதான் அவர்களைக் கடந்து தெற்கே போயிற்று.

இத்தனை பேரையும் சேர்த்துச் சொல்லும் பெயரை அவர்களே பெரிதும் விரும்பினார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. பியூ ஆராய்ச்சி நிலையம் 2012-இல் வெளியிட்ட அறிக்கையில், ஏறத்தாழப் பாதிப் பேர் தம்மைப் பூர்விக நாட்டின் பெயராலேயே குறிப்பிடுவதாகச் சொன்னார்கள். பொதுப்பெயரை முதலில் சொன்னவர்கள் கால்பங்கினரே.

தமிழகத்தை விட்டு வேறு மாகாணங்களில் வாழும் நமக்கு இது புரியாத சங்கதியன்று. நான்கு மொழிக்காரர்களை 'மதராஸி' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடும் வழக்கத்தை டில்லியிலும் மும்பையிலும் நாம் நெடுங்காலம் கேட்டுப் பழகியவர்கள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நம்மை அவ்வாறு அழைத்தவர்கள் பெரும்பாலும் அறியாமையால் அழைத்தார்கள். அமெரிக்காவில் அந்தப் பொதுப்பெயர் வேரூன்றியதற்கு வியாபாரமும் ஒரு முக்கிய காரணம். ஒலிபரப்பு ஸ்தாபனங்களும் விளம்பர நிலையங்களும் ஒரு பெரிய சந்தையைத் தேடின. அது கண்முன் ஆயத்தமாக இல்லை. ஆகவே அதைச் சமைத்துக்கொண்டன.

தொடக்கம் வானொலியில் நிகழ்ந்தது. 1920-களில் அமெரிக்க நிலையங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பேசின. எனினும் ஒரு நாளின் இருபத்துநான்கு மணியும் விளம்பரதாரருக்கு வேண்டியிருப்பதில்லை. விடிவதற்கு முன்னுள்ள வேளையை விலைக்குக் கேட்பார் இல்லை. அந்த வேளையைத் தரகர்கள் மலிவான தொகைக்கு வாங்கி, ஸ்பானிஷ் மொழியில் நிகழ்ச்சி அமைத்து, உள்ளூர்க் கடைக்காரர்களிடம் விளம்பரம் பெற்று லாபம் கண்டார்கள். லாஸ் ஏஞ்செல்ஸ் நகருக்கு அருகே பர்பாங்கில் இயங்கிய ஒரு நிலையத்தில் பெத்ரோ கொன்ஸாலெஸ் என்பவர் நடத்திய இசை நிகழ்ச்சிக்கு 'லாஸ் மத்ருகதோரெஸ்' என்று பெயர். விடியுமுன் எழுபவர்கள் என்பது பொருள். வயலுக்கும் கட்டட வேலைக்கும் புறப்படும் மெக்ஸிகோ தொழிலாளிகள் அந்நேரத்தில்தான் விழித்திருந்தார்கள்! யாருக்கும் வேண்டாத நேரம் என்று நிலையத்தார் தள்ளி வைத்தது, இவர்களுக்கு ஒரு நாளின் ஒரே ஓய்வு நேரமாக இருந்தது.

கொன்ஸாலெஸ் பாட்டோடு நிற்கவில்லை. 1930-களின் பொருளாதார மந்தத்தில் மெக்ஸிகோ வழியினர் கூட்டங்கூட்டமாக நாட்டைவிட்டு அனுப்பப்பட்டபோது, அதைக் கண்டித்து ஒலிபெருக்கியின் முன் பேசினார். 1934-இல் கைது செய்யப்பட்டார். கற்பழிப்புக் குற்றம் சாட்டப்பட்டு நீண்ட சிறைத் தண்டனை பெற்றார். சாட்சி சொன்ன பெண் பின்னர்த் தன் வாக்குமூலத்தை மறுத்துவிட்டாள். 1940-இல் அவர் விடுதலையாகி, மெக்ஸிகோவுக்கு அனுப்பப்பட்டார். வழக்கு சோடிக்கப்பட்டது என்பதே பிற்காலத்தில் அதை ஆராய்ந்தவர்களின் அபிப்பிராயம். நேயர் கூட்டத்தை விற்பனைக்கு மட்டும் பயன்படுத்தும்வரை ஆட்சேபம் எழுவதில்லை. அதே கூட்டத்தை நோக்கி வேறொன்று பேசும்போதுதான் தொல்லை பிறக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் மறுபடி வரும்.

டெக்ஸஸ் மாகாணத்தின் ஸான் அன்டோனியோ நகரில் ராவுல் கோர்ட்டெஸ் 1946-இல் கே.ஸி.ஓ.ஆர். என்னும் வானொலி நிலையத்தைத் தொடங்கினார். முழு நேரமும் ஸ்பானிஷ் மொழியில் பேசிய, அம்மக்களில் ஒருவருக்கே சொந்தமான முதல் நிலையம் அது. 1955-இல் அவரே டெலிவிஷன் நிலையம் ஒன்றையும் நிறுவினார். அதன் அலைவரிசையைப் பிடிக்க அக்காலத்து டெலிவிஷன் பெட்டியில் தனிக் கருவி பொருத்த வேண்டும். பார்த்தவர்கள் பலர், ஆயினும் அவர்கள் எத்தனை பேர் என்று விளம்பரதாரரிடம் எடுத்துக் காட்ட நம்பத்தக்க கணக்கு இல்லை. கணக்கு இல்லாத இடத்தில் காசும் இல்லை. 1961-இல் நிலையம் கைமாறியது. வாங்கியவர்களில் ஒருவர் எமிலியோ அஸ்காராகா, மெக்ஸிகோவின் டெலிவிஷன் அதிபர். அவ்வாறு பிறந்ததுதான் ஸ்பானிஷ் சர்வதேச ஒளிபரப்பு வலை. 1962-இல் லாஸ் ஏஞ்செல்ஸ் நிலையமும் அதில் சேர்ந்தது. மெக்ஸிகோவில் தயாரித்து, அங்கேயே முதலை ஈட்டிவிட்ட தொடர் நாடகங்களை வடக்கே கொண்டுவந்து காட்டுவதில் செலவு சொற்பம். வெளிநாட்டார் உடைமைக்குச் சட்டம் விதித்த வரம்பை மீறியதாக எழுந்த வழக்கில், அந்த நிலையங்கள் 1986-இல் விற்கப்பட வேண்டியதாயிற்று. வாங்கியது, வாழ்த்து அட்டைக்குப் பேர்போன ஹால்மார்க் கம்பெனி! 1987-இல் வலையின் பெயர் 'யூனிவிஷன்' ஆயிற்று. அதே ஆண்டில் 'டெலிமுண்டோ' என்னும் போட்டி வலையும் தோன்றியது.

இந்த வலைகள் நியூயார்க் விளம்பர நிலையங்களிடம் எதை விற்றன? நாடகத்தையோ பாட்டையோ அன்று; நேயரை விற்றன. சோப்புக் கம்பெனியின் நிர்வாகி, லாஸ் ஏஞ்செல்ஸின் மெக்ஸிகோக்காரருக்கு ஒன்று, நியூயார்க்கின் ப்யூர்ட்டோ ரிக்கோக்காரருக்கு ஒன்று, மயாமியின் க்யூபாக்காரருக்கு ஒன்று என்று மூன்று விளம்பரம் எடுக்க விரும்பமாட்டார். 'மூவரும் ஒன்றே, மொழி ஒன்று, குடும்பப் பற்று ஒன்று, மதம் ஒன்று, ஒரே விளம்பரத்தை ஒரே இரவில் நாடெங்கும் சேர்ப்பிக்கிறோம்' என்று வலையினர் சொன்னார்கள். சொன்னது பாதி உண்மை. மறுபாதியை உண்மையாக்க அவர்கள் உழைத்தார்கள்.

மொழி ஒன்று என்றார்களே, அதைச் சற்று நின்று பார்க்கலாம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் ஆகையால் எனக்கு இவ்விடத்தைவிட்டு எளிதில் நகர மனம் வருவதில்லை. ஊர்ப் பேருந்துக்கு மெக்ஸிகோவில் 'கமியோன்' என்பார்கள். க்யூபாவிலும் ப்யூர்ட்டோ ரிக்கோவிலும் 'குவாகுவா' என்பார்கள். சிலி நாட்டுக்குப் போய்க் 'குவாகுவா' என்றால், அவர்கள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்! ஆகவே வலையினர் 'நடுநிலை ஸ்பானிஷ்' என்ற ஒன்றை வளர்த்தார்கள். எந்த நாட்டின் வட்டார வாடையும் வீசாத உச்சரிப்பு. எல்லாருக்கும் விளங்கக்கூடிய, ஆனால் எவர் வீட்டிலும் அப்படியே பேசப்படாத சொற்கள். செய்தி வாசிப்பவருக்கும் விளம்பரம் பேசுபவருக்கும் அதுவே பயிற்சி. சிலியில் 1962-இல் 'டான் ஃப்ரான்ஸிஸ்கோ' தொடங்கிய சனிக்கிழமைக் கேளிக்கை நிகழ்ச்சி 1986-இல் மயாமிக்குப் பெயர்ந்தபோது, பல நாட்டாரும் ஒரே மேடையில் நின்று தத்தம் நாட்டுப் பெயரைச் சொல்லிக் கைதட்டல் பெற்றார்கள். 2015-ஆம் ஆண்டு வரை அது நடந்தது. ஒரே கூடத்தில் அமர்ந்து அதைப் பார்த்த குடும்பங்களுக்கு, 'நாம்' என்ற சொல்லின் எல்லை மெல்ல விரிந்திருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

எல்லா வியாபாரிகளும் இவ்வாறு ஒன்றாக்கும் வழியில் போகவில்லை. ஸ்பெயினிலிருந்து வந்த ப்ருதென்சியோ உனானுவே 1936-இல் நியூயார்க்கில் தொடங்கிய கோயா என்னும் உணவுப் பண்டக் கம்பெனி அதற்கு நேர்மாறான பாடத்தைக் கற்றது. வட இந்தியாவில் நாம் ராஜ்மா என்று அறிந்த பயற்றினத்தையே எடுத்துக்கொள்ளலாம். க்யூபாக்காரருக்குக் கறுப்பு வகை வேண்டும். ப்யூர்ட்டோ ரிக்கோக்காரருக்குச் சிவப்பும் இளஞ்சிவப்பும். மெக்ஸிகோக்காரருக்குப் புள்ளி போட்ட பிந்தோ வகை. பெயரும் வேறு: ஒருவருக்கு 'ஃப்ரிஹோலெஸ்', மற்றவருக்கு 'அபிச்சுவேலாஸ்'. புழுங்கலரிசி உண்பவனிடம் பச்சரிசி மூட்டையை இறக்கினால் என்ன ஆகும் என்பதைக் கோயா அறிந்திருந்தது. எந்தத் தெருவின் சிறு கடையில் எந்த நாட்டார் வாங்குகிறார்கள் என்று பார்த்து அதற்கேற்பச் சரக்கை வைத்தது. காதுக்கு நடுநிலைச் சொல் போதும். வயிறு அப்படி ஒப்புக்கொள்வதில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். கதையின் மையம் இதுவே. 1970-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில், ஸ்பானிஷ் வழியினரா என்ற கேள்வி முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அதுவும் நூற்றுக்கு ஐந்து வீடுகளில் மட்டும். விடைகளில் ஒன்று 'மத்திய அல்லது தென் அமெரிக்கர்' என்றிருந்தது. ஐக்கிய அமெரிக்காவின் மத்தியிலும் தெற்கிலும் வசித்த பல்லாயிரம் ஆங்கிலேய வழியினர், 'ஆம், நாங்கள் தெற்கில்தானே இருக்கிறோம்' என்று அதில் குறியிட்டுவிட்டார்கள்! வினாப் படிவம் எழுதும் உத்தியோகஸ்தர்கள் அனைவரும் சுவரில் மாட்டி வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது. 1980-இல் கேள்வி திருத்தப்பட்டு, எல்லா வீடுகளிலும் கேட்கப்பட்டது. கணக்கில் ஒளிந்துகொள்ளாமல் பதில் சொல்லும்படி ஸ்பானிஷ் டெலிவிஷன் வலை தன் நேயர்களைத் தூண்டியது. விளைவு, 1 கோடியே 46 லட்சம் பேர். க்ரிஸ்டினா மோரா என்னும் சமூகவியல் பேராசிரியை 2014-இல் வெளியிட்ட நூலில் இதை விரித்துரைத்திருக்கிறார். உரிமை இயக்கத்தினருக்கு அரசிடம் காட்ட எண் வேண்டும். கணக்கெடுக்கும் இலாகாவுக்கு மக்களின் ஒத்துழைப்பு வேண்டும். டெலிவிஷன் முதலாளிக்கு விளம்பரதாரரிடம் காட்ட அதே எண் வேண்டும். மூவரும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டே நடந்தார்கள்.

எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது தெரிந்தது. எத்தனை பேர் பார்க்கிறார்கள்? அமெரிக்காவில் அதை அளப்பது நீல்ஸன் கம்பெனி. இரு ஸ்பானிஷ் வலைகளும் பொருளுதவி செய்ததன் பேரில், 1992-இல் ஸ்பானிஷ் பேசும் வீடுகளுக்கென்று தனி அளவீட்டை அது தொடங்கியது. வீட்டில் எம்மொழி பேசுகிறார்கள் என்று கேட்டு, ஸ்பானிஷ் மிகுந்தோர், இரண்டும் பேசுவோர், ஆங்கிலம் மிகுந்தோர் என்று பிரித்தார்கள். 2007-இல் தனி அளவீடு கைவிடப்பட்டு, எல்லா வலைகளும் ஒரே பட்டியலில் வைக்கப்பட்டன. 2013 ஜூலை மாத அளவீட்டில், 18 முதல் 49 வயது வரையுள்ள பார்வையாளர் கணக்கில் யூனிவிஷன் ஆங்கில வலைகள் அனைத்தையும் பின்தள்ளி முதலிடம் பெற்றது. ஸான் அன்டோனியோவில் கணக்குக் காட்ட முடியாமல் நிலையத்தை விற்றவருடைய வழியில் வந்த வலைதான் அது.

எண் வந்ததும் பெரிய கம்பெனிகள் ஓடிவந்தன. ஓடிவந்தவை இடறியும் விழுந்தன. இவ்விடத்தில் ஒரு கட்டுக்கதையை விலக்கிவிட வேண்டும். 'நோவா' என்னும் மோட்டார் கார், ஸ்பானிஷில் அப்பெயர் 'ஓடாது' என்று பொருள்படுவதால் மெக்ஸிகோவில் விற்கவில்லை என்று வியாபாரப் பாடநூல்களில்கூடச் சொல்வார்கள். உண்மையன்று, கார் அங்கே நன்றாகவே விற்றது. மெய்யான நிகழ்ச்சி இதைவிட நுட்பமானது. கலிபோர்னியாவின் பால் பதனிடுவோர் வாரியம் 1993-இல், 'பால் இருக்கிறதா?' என்ற பொருளில் ஆங்கில விளம்பர இயக்கம் ஒன்றை நடத்தி வெற்றி கண்டது. வீட்டில் பால் தீர்ந்துபோய் ஒருவர் திண்டாடுவதே அதன் வேடிக்கை. அதை ஸ்பானிஷில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், ஒரு பெண்ணைப் பார்த்து 'உனக்குப் பால் சுரக்கிறதா?' என்று கேட்பதாகிவிடும். அனிதா ஸாந்தியாகோ என்ற விளம்பர நிபுணர் தடுத்தது சொல்லை மட்டுமன்று. வேடிக்கையையே வேண்டாம் என்றார். பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பாலில்லாமல் போவது அந்தத் தாய்மாருக்குச் சிரிப்புக்குரிய விஷயமன்று. குடும்பத்தை நடத்தத் தவறிய அவமானம். ஆகவே, பாட்டி பாற்பண்டம் செய்யும் அடுக்களையைக் காட்டி, 'குடும்பம், அன்பு, பால்' என்ற வாசகத்தோடு வேறொரு விளம்பரமே எழுதப்பட்டது. மொழிபெயர்க்காமல் விடுவதும் மொழிபெயர்ப்பாளனின் கடமைகளில் ஒன்று என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் கண்டதில்லை.

ஆனால் அந்தப் பாட்டியின் பேத்தி எந்த மொழியில் கனவு காண்கிறாள்? விளம்பர உலகம் நெடுங்காலம் கேட்கத் தவறிய கேள்வி இது. லத்தீனோ என்றால் ஸ்பானிஷ் பேசுபவர் என்ற சமன்பாடு, ஸ்பானிஷ் வலைகளுக்கு வசதியானது. அவற்றின் பிழைப்பே அதில் இருந்தது. இன்றோ மூவரில் இருவர் அமெரிக்க மண்ணிலேயே பிறந்தவர்கள். டெக்ஸஸில் பிறந்து வளர்ந்த ஸெலீனா என்ற பாடகிக்கு வீட்டில் வழங்கிய மொழி ஆங்கிலம். ஸ்பானிஷ் பாட்டுகளை ஒலியைக் கேட்டு மனனம் செய்து பாடியே புகழ் பெற்றாள். டில்லியில் வளர்ந்து, தமிழ்க் கீர்த்தனைகளை இந்தி எழுத்தில் எழுதிவைத்துப் பாடும் நம் வீட்டுப் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. 1995 மார்ச் 31 அன்று, இருபத்துமூன்று வயதில், அவள் சுட்டுக் கொல்லப்பட்டாள். 'பீப்பிள்' வாரப் பத்திரிகை தென்மேற்கு மாகாணங்களுக்கு மட்டும் ஸெலீனாவை அட்டையில் போட்டது. மற்ற மாகாணங்களுக்கு வேறு அட்டை. ஸெலீனா அட்டை பறந்துவிட்டது. தொடர்ந்து வெளியிட்ட நினைவு மலரும் அவ்வாறே விற்றது. நியூயார்க்கில் இருந்த பத்திரிகாசிரியர்களுக்கு இப்படி ஒரு வாசகர் கூட்டம் இருப்பதே அன்றுதான் உறைத்தது. அவர்கள் செய்தது என்ன? 1996-இல் ஸ்பானிஷ் மொழியில் ஒரு தனிப் பதிப்பைத் தொடங்கினார்கள். ஆங்கிலப் பத்திரிகையை வாங்கிக் காலி செய்த வாசகருக்கு, ஸ்பானிஷ் பத்திரிகை பதிலாயிற்று! அது நல்ல பத்திரிகையாகவே நடந்து, 2022-இல் அச்சுப் பதிப்பை நிறுத்தியது. எனினும் கேட்ட கேள்வி ஒன்று, கிடைத்த விடை வேறு.

ஆங்கிலம் பேசும் இளைய லத்தீனோவுக்கென்று பின்னர்ச் சிலர் முயன்றார்கள். 2004-இல் தோன்றிய 'ஸீ டி.வி.' 2011-இல் பெயர் மாற்றிக்கொண்டு, 2015-இல் வேறொரு சானலோடு கலந்து மறைந்தது. யூனிவிஷனும் ஏ.பி.ஸி.யும் கூடி 2013-இல் தொடங்கிய 'ஃப்யூஷன்' 2021-இல் மூடப்பட்டது. ஆங்கிலம் பேசுபவருக்கு ஆயிரம் சானல் இருக்கையில், தனக்கென்று ஒன்றைத் தேடி வரவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. எல்லாருக்குமான நிகழ்ச்சிகளிலேயே தன் முகத்தையும் காண விரும்புகிறார். எந்த முகத்தை என்பது அடுத்த தகராறு. ஆர்லீன் டாவிலா 2001-இல் வெளியிட்ட ஆய்வு நூலில், விளம்பரங்கள் கருங்கூந்தலும் மாநிறமும் கொண்ட ஒரே 'லத்தீன் தோற்ற'த்தைத் திரும்பத் திரும்பக் காட்டியதை எடுத்துரைத்தார். கறுப்பரும் பூர்வகுடியினரும் அந்தச் சட்டத்துக்கு வெளியே நின்றார்கள்.

விற்பதற்காகத் திரட்டிய கூட்டம் என்றேனும் தன் காரியத்துக்காகத் திரண்டால்? 2005 டிசம்பரில், அனுமதியின்றிக் குடியேறியவர்களைக் கடுங்குற்றவாளிகளாக்கும் மசோதா ஒன்று பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. லாஸ் ஏஞ்செல்ஸில் காலை வேளையில் வேடிக்கை பேசி விளம்பரம் விற்றுவந்த ஸ்பானிஷ் வானொலி அறிவிப்பாளர்கள், 'பியோலின்' சொடேலோ முதலியோர், போட்டியை மறந்து ஒன்றுகூடி நேயர்களை ஊர்வலத்துக்கு அழைத்தார்கள். வெள்ளைச் சட்டை அணியுங்கள், அமெரிக்கக் கொடி ஏந்துங்கள் என்றார்கள். 2006 மார்ச் 25 அன்று அந்நகரில் ஐந்து லட்சம் பேர் நடந்ததாகப் போலீஸார் மதிப்பிட்டார்கள். ஆங்கிலப் பத்திரிகைகள் திகைத்துப்போயின. அவர்களுடைய காதுக்கு எட்டாத அலைவரிசையில் அல்லவா அழைப்பு விடப்பட்டது? மசோதா செனட் சபையில் உயிரிழந்தது.

இதன் பிறகும் கம்பெனிகள் கற்றுக்கொண்டது மெதுவாகத்தான். 2013-இல் டிஸ்னி ஸ்தாபனம், மெக்ஸிகோ மக்கள் இறந்தோருக்கு எடுக்கும் திருநாளின் பெயரையே தன் வர்த்தக முத்திரையாகப் பதிவுசெய்ய மனுப் போட்டது. தீபாவளியை ஒரு பட்டாசுக் கம்பெனி பதிவு செய்துகொள்ள முன்வந்தாற்போல! எதிர்ப்புக் கிளம்பியதும் மனு வாபஸ் ஆயிற்று. அதைக் கிண்டல் செய்து சித்திரம் வரைந்தவர்களில் லாலோ அல்கராஸும் ஒருவர். அவரையே ஸ்தாபனத்தார் ஆலோசகராக அழைத்துக்கொண்டு, அத்திருநாளைப் பற்றிய 'கோகோ' படத்தை முடித்தார்கள். 2017-இல் அது அமெரிக்காவுக்கு முன்பே மெக்ஸிகோவில் வெளியாகி, அந்நாட்டில் அதுவரை எப்படமும் ஈட்டாத வசூலைக் கண்டது.

பொதுப்பெயரால் எட்ட முடியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கலிபோர்னியாவின் ஆக்ஸ்னார்ட் நகரைச் சுற்றியுள்ள ஸ்ட்ராபெர்ரித் தோட்டங்களில் பழம் பறிப்போரில் பலர் மெக்ஸிகோவின் தென்பகுதிப் பூர்வகுடிகள். அவர்கள் தாய்மொழி மிஷ்டெக். ஸ்பானிஷ் அவர்களுக்குக் கற்றுக்கொள்ள வேண்டிய அயல்மொழி. மிஷ்டெக்கிலும் ஊருக்கு ஊர் பேச்சு மாறும். ஜனத்தொகைப் படிவத்தில் அவர்களும் ஹிஸ்பானிக். விளம்பரக் கணக்கில் அவர்களும் ஸ்பானிஷ் நேயர். பெரிய வலைகள் எதுவும் அவர்களுக்காகப் பேசவில்லை. அங்கே அவர்களுடைய சங்கம் ஒன்று 'ரேடியோ இந்திஹெனா' என்னும் சிறு வானொலி நிலையத்தை நிறுவி, மிஷ்டெக், ஸப்போடெக் முதலிய மொழிகளில் பாட்டும் செய்தியும், கூலி பற்றியும் மருத்துவம் பற்றியும் தொழிலாளருக்கு வேண்டிய தகவலும் ஒலிபரப்பத் தொடங்கியது.